சிறுநீரகம் தளர்ந்தால் இதயம் தளரும்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் நம் முன்னோர். ஆனால் சில நோய்கள் வந்திருப்பதே தெரியாமல் உடலைக் கரைத்துவிடுகின்றன. நாட்பட்ட சிறுநீரக நோய் அத்தகையது. இந்நோயாளிகளுள் பலர், சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் முன்பே இதய நோயால் இறந்துவிடுகின்றனர். முதுகுப்புறத்து உறுப்பு கெட்டால் மார்பிலுள்ள உறுப்பு ஏன் தளர வேண்டும்?

இவ்வுறவை முதலில் ஆராய்ந்தோருள் ஒருவர், இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட். சிறுநீரகம் கெட்டு இறந்தோரின் இதயம் பருத்திருப்பதை அவர் 1836இல் எழுதினார். 1898இல் டைகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும் சிறுநீரகச் சாற்றில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருளைக் கண்டு ‘ரெனின்’ எனப் பெயரிட்டனர். 1934இல் கோல்டுபிளாட், நாயின் சிறுநீரகத் தமனியை இறுக்கி அழுத்தம் உயர்வதைக் காட்டினார்.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. அங்கு நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டரே சிறுநீராகிறது. இவ்வேலை குறையும்போது இதயம் பல வழிகளில் தாக்கப்படுகிறது.

1. உப்பும் நீரும்: நம் நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரியை வெட்ட முடியும். இறைப்பு நின்றால் சுரங்கம் நீரில் மூழ்கும். அதுபோல, வெளியேறாத உப்பும் நீரும் இரத்தக் குழாய்களில் தேங்கி அழுத்தத்தைக் கூட்டுகின்றன. ரெனினும் மிகுந்தால் குழாய்கள் சுருங்குகின்றன. எதிர்ப்பை மீறி இரத்தத்தைத் தள்ளும் இடது கீழறையின் சுவர் தடித்து, நாளடைவில் சோர்ந்துபோகிறது.

2. சோகை: சிவப்பணு ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தில் சுரப்பது. அது குறைந்தால் இரத்தம் குறையும். இதயம் கூடுதலாக உழைக்க நேரும்.

3. சுண்ணாம்புப் படிவு: வெளியேறாத பாஸ்பேட் கால்சியத்துடன் சேர்ந்து தமனிச் சுவர்களில் படிகிறது. குழாய்கள் நெகிழ்ச்சி இழந்து விறைக்கின்றன.

4. பொட்டாசியம்: இது இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றேபோகலாம். பண்ருட்டிப் பலாவும் இளநீரும் நமக்கு விருந்து. அவற்றில் பொட்டாசியம் மிகுதி. ஆதலின் முற்றிய சிறுநீரக நோயாளி, மருத்துவரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது.

இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தமும் குறையும். இவ்வாறு ஒன்றை மற்றொன்று கெடுக்கும்.

இதனைத் தடுக்கப் பெரும் பொருட்செலவு வேண்டுமா? வேண்டியதில்லை எனக் காட்டினார் மருத்துவர் எம். கே. மணி. சென்னைக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உள்ளனவா எனச் சோதித்தனர். சர்க்கரைக்குப் பயன்பட்டது, நம் வேதியியல் ஆய்வகத்தில் உள்ள பெனடிக்ட் கரைசலே! நோய் கண்டவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகள் தரப்பட்டன.

நீரிழிவும் இரத்த அழுத்தமுமே இந்நோயின் முக்கியக் காரணங்கள். இவை உடையோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரில் புரதத்தையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சோதிப்பது நல்லது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயிலில் உழைப்போர் போதிய நீர் பருக வேண்டும். உடல்வலிக்குக் கடையில் தாமாகவே வலிநிவாரண மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் சிறுநீரகத்திற்குக் கேடு.

நண்பர்களே! வடக்குத்திலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் முந்திரித் தோப்பிலும் சுரங்கத்திலும் உழைப்போர் நம் பெற்றோரும் உற்றாருமே. கால் வீங்கி, மூச்சு வாங்கிய பின் மருத்துவமனைக்கு ஓடுவதைவிட, நோய் பேசாதிருக்கும்போதே அவர்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்வது படித்த நம் கடமையாகும்.