கடல்மேல் நூறு நாள் – 4: குடியிருக்கப் போகும் கப்பல்

குருவிட்டயிலிருந்து சிவனொளிபாத மலைக்கு எரத்ன வழியாக ஒரு பாதை ஏறுகிறது. ஹட்டன் பக்கத்து நல்லதண்ணிப் பாதையை விட நீளம், ஏற்றமும் கடினம். வயதான அம்மாவை மலைக்கு அழைத்துப் போக நினைக்கும் மகன் எந்த மாதம், எந்த வழி, நடுவில் எங்கே உட்காரலாம், கால் பிடித்துக்கொண்டால் யார் உதவுவார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பற்றி யோசிப்பார். மலையில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், கப்பல் என்று வந்ததும் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற பெற்றோருக்கு நீண்ட கப்பல் பயணம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்க நினைக்கும்போது முதலில் பார்ப்பது கப்பலின் படத்தைத்தான்: எத்தனை நீச்சல் குளம், எத்தனை மாடி, எத்தனை உணவகம். நான்கு நாள் பயணத்துக்கு அப்படித் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நட்டமில்லை. நூறு நாளுக்கு ஏறுகிறவர் அங்கே குடியிருக்கப் போகிறார். தண்ணீர் வசதி, ஆஸ்பத்திரி, அக்கம்பக்கம், மழைக்காலத்தில் வழி எப்படியிருக்கும் என்று பார்த்து வீடு தேடுவதுபோலத்தான் அந்தக் கப்பலையும் தேட வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

நம் கரைக்கு வந்த கப்பலையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்ற மூன்று துறைமுகங்களை இணைக்கும் பயணங்களைத் தொடங்கியது. 1990இல் பிரான்ஸின் சென் நசேர் தளத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. நீளம் 211 மீற்றர், கொள்ளளவு 48,563 டன். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் போன ஐகன் ஒஃப் த சீஸ் கப்பலோ 365 மீற்றர் நீளம், ஏறத்தாழ இரண்டரை லட்சம் டன், நிறைந்தால் 7,600 பயணிகள். விளம்பரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எம்பிரஸை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் காங்கேசன்துறைக்கு வர முடிந்தது அந்தப் பழைய, சிறிய கப்பலால்தான். பெரிய கப்பலுக்கு ஆழமான, நீளமான துறை வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களை ஒரே காலையில் இறக்கி, மாலையில் ஏற்றும் வசதியும் வேண்டும். அதனால் அது போகும் ஊர்கள் குறைகின்றன. கப்பல் பெரிதாகப் பெரிதாக அதுவே போய்ச் சேரும் இடமாகிவிடுகிறது. ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர் அளவைப் பார்த்து மயங்கக் கூடாது.

எம்பிரஸின் பயணங்கள் ஜூனில் தொடங்கியதற்கும் பொருள் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. குருவிட்டயில் றப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல் மழை கொட்டும் அதே காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கிறது, திருகோணமலைப் பக்கம் அமைதியாகக் கிடக்கிறது. ஒக்டோபரில் இது மாறும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி ஆரம்பமான 150 இருக்கை செரியபாணிக் கப்பல் சேவை, வடகிழக்குப் பருவக்காற்று நெருங்கியதால் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே நிறுத்தப்பட்டது. சிவகங்கை என்ற வேறு கப்பலோடு சேவை மீண்டும் தொடங்க 2024 ஓகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கப்பலில் குறை என்று இதற்குப் பொருளில்லை. பொருந்தாத மாதத்தில் எந்தக் கப்பலும் பயணிக்குச் சுகம் தராது. உலகைச் சுற்றும் பயணங்கள் பெரும்பாலும் ஜனவரியில் புறப்பட்டு ஏப்ரல், மேயில் முடிவதும் வடபாதிக் கடல்களின் குளிர்காலத்தைத் தவிர்க்கத்தான்.

சிறிய கப்பல் அதிகமாக ஆடாதா என்று கேட்கலாம். ஆடும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஆட்டம் கப்பல் முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. முன்முனையிலும் மேல் தளங்களிலும் கூடுதல், நீளவாக்கில் நடுவிலும் கீழ்த் தளங்களிலும் குறைவு. சீசோப் பலகையின் நுனியில் இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் இருபுறமும் இறக்கைகள் உண்டு. கப்பல் ஓடும்போது அவை நன்றாக வேலை செய்யும். ஆகவே தலைசுற்றல் உள்ளவர் பெரிய கப்பலின் உச்சி மாடியில் பால்கனி அறை வாங்குவதை விட, நடுத்தரக் கப்பலின் கீழ்த் தளத்து நடு அறையை வாங்குவது புத்திசாலித்தனம். அதன் விலையும் பெரும்பாலும் குறைவு.

அறையில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்: ஜன்னல். 2020 பெப்ரவரியில் யொக்கோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டபோது 3,711 பேர் அதில் இருந்தார்கள், 712 பேருக்குத் தொற்று. ஜன்னலில்லாத உள்ளறைகளில் இருந்தவர்கள் வெளிச்சம் பார்க்க, மேல்தளத்துக்குச் சிறிது நேரம் போக அனுமதிக்கப்படும்வரை காத்திருந்தார்கள். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அடைபட்டுக் கிடப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜனவரியில் இத்தாலியிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய எம்எஸ்சி மெக்னிஃபிகாவுக்குத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கப்பலில் தொற்று இல்லை, ஆனாலும் இறங்க இடமில்லை. ஏப்ரல் 6ஆம் திகதி எரிபொருளுக்காகக் கொழும்பை அடைந்தபோது, அதில் வேலை செய்த இலங்கைச் சமையற்காரர் ஒருவரையும் சுகவீனமுற்ற ஜெர்மானிய மூதாட்டி ஒருவரையும் மட்டும் கடற்படையினர் இறக்கினார்கள். ஏப்ரல் 20ஆம் திகதிதான் மார்செய் துறைமுகத்தில் பயணிகள் தரையிறங்கினர். அந்த வாரங்களில் அவர்களைக் காத்தவை மருத்துவரும் சமையலறையும் பொறுமையான சிப்பந்திகளும்தான். எழுபது வயது கடந்தவர் கப்பலின் மருத்துவப் பிரிவில் என்னென்ன வசதி இருக்கிறது, நடுக்கடலிலிருந்து கரைக்கு மாற்றும் செலவைக் காப்புறுதி ஏற்குமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய கப்பலை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. இது இன்னும் வலுவானது. 1993இல் கட்டப்பட்ட ஒடிசி, ஆண்டுக்கணக்கில் நீளும் குடியிருப்புப் பயணம் ஒன்றுக்காக 2024 மே இறுதியில் பெல்பாஸ்ட்டிலிருந்து புறப்பட வேண்டியிருந்தது. சுக்கான் பகுதியிலும் பல்லிணைப் பெட்டியிலும் திருத்த வேலை நீண்டு, நான்கு மாதம் கழித்தே கிளம்பியது. வயது ஒரு குறைதான். ஆனால் பயணத் திட்டம் புதிது என்பதும் உத்தரவாதமில்லை: 2023 நவம்பரில் தொடங்குவதாகப் பணம் வாங்கிய மூன்றாண்டு ‘லைஃப் அட் சீ’ பயணம், கப்பலையே வாங்க முடியாமல் ரத்தானது. பணத்தின் ஒரு பகுதியை அனுப்புமுன், இந்தக் கப்பல் இதே நீண்ட பயணத்தை முன்பு எத்தனை தடவை முடித்திருக்கிறது, கடைசியாக எப்போது உலர்தளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள் என்று கேட்டால், கட்டிய வருடத்தை விட அதிகம் தெரியவரும்.

நம் கடவுச்சீட்டையும் மறக்கலாகாது. சிங்கப்பூர், மாலைத்தீவு, சீஷெல்ஸ் போகும் கப்பலில் இலங்கையருக்குச் சிரமம் குறைவு. ஐரோப்பியத் துறைமுகங்களுக்குள் போய், வெளியே வந்து, மறுபடி நுழையும் கப்பலுக்குப் பல தடவை நுழையும் ஷெங்கன் வீசா வேண்டும். ஒரு வீசா குறைந்தாலும் ஏறும் இடத்திலேயே திருப்பிவிடலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகளுக்குப் பொருந்திய கப்பல் அம்மாவுக்குப் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

2024 செப்டெம்பரில்தான் நாட்சம்பளம் 1,350 ரூபாயான தோட்டப்புறத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். இந்தச் செலவு லயத்துக் குடும்பத்துக்கு எட்டாதது. இருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப வகைசெய்த 1964 ஒப்பந்தத்தின்பின் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல் ஏறிப்போன நம்மவர்களிடம் எந்தக் கப்பல், எந்த மாதம் என்று யாரும் கேட்கவில்லை. இன்று ஏறுகிறவர்கள் கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். பயணச்சீட்டு வாங்கும் பெற்றோர் மட்டுமல்ல, சமையலறையிலும் அறைப் பராமரிப்பிலும் வேலை தேடிக் கப்பலேறும் நம் இளைஞர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எத்தனை மாத ஒப்பந்தம், ஓர் அறையில் எத்தனை பேர், நோய் வந்தால் யார் பொறுப்பு, வீடு திரும்பும் விமானச் செலவு யாருடையது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. இரத்தினபுரியிலோ கொழும்பிலோ முகவர் ஒருவர் அப்படிப் பணம் கேட்டால், அவர் எந்தக் கப்பலின் படத்தைக் காட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.