மகமையும் பிடியரிசியும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் பாதையில் நாகமலை புதுக்கோட்டையைக் கடப்போர் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியைக் கண்டிருப்பர். 1965ஆம் ஆண்டில் நாடார் மகாஜன சங்கத்தார் அதனைத் தோற்றுவித்தனர். சங்கமோ 1910ஆம் ஆண்டினது. இரண்டிற்கும் முந்தியது மகமை என்னும் ஏற்பாடு. நம் சங்க அங்கத்தினர் அதன் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருமங்கலம், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் நாடார் வணிகர் மாட்டு வண்டிகளில் சரக்கேற்றிச் செல்வர். வழியிற் கள்வர் பயம் மிகுதி. ஆகவே வண்டியும் மாடும் இராத் தங்குதற்குப் பேட்டைகளை அமைத்தனர். அவற்றின் செலவுக்கென ஒவ்வொருவரும் செலுத்திய சிறு தொகை மகமை எனப்பட்டது. நாளடைவில் சரக்கு மூட்டைக்கு இவ்வளவென வசூலாகி, உறவின்முறையார் வசம் பொதுநிதியாய்ச் சேர்ந்து, கிணற்றுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் பயன்பட்டது. வசூல் லாபத்தின் மேலன்று, சரக்கின் மேல் என்பதைக் கவனிக்க. "இவ்வருஷம் நஷ்டம்" என்று சொல்லித் தப்புதற்கு இடமில்லை!

1889ஆம் ஆண்டில் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கிற்று. அதனைத் தாங்கியது மகமை மாத்திரமன்று; பிடியரிசியுமாம். உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் இடுவது வீட்டுப் பெண்மணிகளின் வழக்கம். அவ்வரிசி திரட்டப்பெற்றுப் பள்ளிக்கு ஆகும். 1903இற் பிறந்த காமராஜர் பயின்றது இப்பள்ளியிலேதான். ஒரு பிடி 50 கிராம் என்று கொள்வோம். 200 வீடுகளில் நாளொன்றுக்கு 10 கிலோ. ஆண்டுக்கு 3,650 கிலோ. கையிற் காசில்லாத வீடும் இதிற் பங்கு பெறும்.

குறையும் உண்டு. மகமை ஒரு சாதியாரின் எல்லைக்குட்பட்டது; கட்டளையை மீறியவரை உறவின்முறையார் விலக்கி வைத்தலும் உண்டு. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த நம் கூட்டுறவுச் சங்கங்களிலோ சாதி பாராது சேரலாம், விலகவுஞ் செய்யலாம். ஆதலின் நமக்குக் கட்டாயமில்லை, நம்பிக்கையொன்றே உண்டு.

அந்நம்பிக்கை எத்துணை மெல்லியது என்பதை யான் தணிக்கை செய்த ஒரு சங்கத்திற் கண்டேன். பள்ளிக் கட்டிடத்திற்கெனப் பிடியரிசி திரட்டினர். மூன்றாம் மாதத்திற் கலயங்கள் வெறுமையாயின. காரியதரிசி ஒரு மணியும் எடுத்தவரல்லர். கணக்கை எவர்க்கும் வாசித்துக் காட்டவில்லை, அவ்வளவே. பின்னர் வாரந்தோறும் வரவையும் விற்ற தொகையையும் சங்கத் திண்ணைக் கரும்பலகையில் எழுதச் செய்தேன். முதல் வாரம் பதினோரு வீட்டார் அரிசி தந்தனர். ஆறாம் வாரம் ஏறக்குறைய எல்லா வீட்டாரும்.