விரலுக்கும் கண் உண்டு! தொழில் பழகினால் மூளையே மாறுகிறது

மாதுங்கா ரெயில் நிலையத்துக்குக் கிழக்கே உள்ள பூக்கடைகளில் மாலை வேளையில் கூட்டம் நெரியும். பூக்கட்டுகிறவரின் கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும். வாய் விலை பேசும். விரல்கள் மட்டும் தம் பாட்டுக்கு மல்லிகைக் காம்பைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். ஒரு காம்பு முறியாது.

தாராவியில் தோல் பை தைக்கும் தொழிலாளியும் அப்படித்தான். தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்து, எந்த இடம் தடிப்பு, எந்த இடம் மெலிவு என்று சொல்லிவிடுவார். புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு அதே தோல் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் இடத்தில் இந்த வித்தியாசம் சம்பளத்திலேயே தெரிந்துவிடும்.

"கை பழகிவிட்டது" என்கிறோம். பழகியது கை மட்டுமல்ல, மூளையும்தான் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

மூளையில் ஒரு படம்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை நிபுணர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை லேசான மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தைத் தொட்டால் விரலில் உணர்ச்சி. இன்னோர் இடத்தைத் தொட்டால் உதட்டில். 1937-ல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, உடம்புக்கு மூளையில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் முதுகுக்குக் கொஞ்சம்தான் இடம். விரலுக்கும் உதட்டுக்கும் தாராளம்.

இந்தப் படம் கல்லில் வெட்டியதல்ல. 1995-ல் ஜெர்மனியில் வயலின், செல்லோ, கிட்டார் வாசிக்கும் 9 பேரைச் சோதித்தார்கள். தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கு அவர்கள் மூளையில் மற்றவர்களைவிட அதிக இடம் கிடைத்திருந்தது. வலது கையில் வித்தியாசம் இல்லை. சிறு வயதிலேயே தொடங்கியவர்களுக்கு மாற்றம் இன்னும் அதிகம். சண்முகானந்தா சபாவில் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இராது.

தானே செய்தால்தான்

அதே மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஆஸ்ட்ரி குழுவினர் 2010-ல் வெளியிட்ட சோதனை மேலும் சுவையானது. ஒரு இயந்திரக் கையைப் பிடித்துக் குறியை நோக்கி நகர்த்த வேண்டும். இயந்திரமோ பக்கவாட்டில் தள்ளும். பல தடவை பழகியபின் கை நேராகப் போகக் கற்றுக்கொண்டது. பிறகு, "உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது?" என்று பார்க்காமல் சொல்லச் சொன்னால், பதில் முன்பைவிடச் சற்று நகர்ந்திருந்தது. அசைவைக் கற்றபோது உணர்வும் கூடவே மாறியிருக்கிறது!

இன்னொரு பிரிவினரின் கையை இயந்திரமே அதே பாதையில் இழுத்துச் சென்றது. அவர்களிடம் மாற்றம் எதுவும் இல்லை. குழந்தையின் கையைப் பிடித்தபடியே சிலேட்டில் எழுத வைக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அளவு மீறினால்

குமாஸ்தாக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சிலருக்குப் பேனாவைப் பிடித்தவுடன் விரல் இறுகி இழுத்துக்கொள்ளும். மற்ற வேலைக்கு அதே கை நன்றாக இருக்கும். டாக்டர்கள் இதை 'ரைட்டர்ஸ் கிராம்ப்' என்பார்கள். வாத்தியக்காரர்களுக்கும் இதுபோல் வருவதுண்டு. 1996-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில், குரங்குகளை ஒரே பிடியை வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். கையின் இயக்கம் கெட்டது. மூளைப் படத்தில் விரல்களின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. ஓய்வில்லாத ஓவர்டைமுக்கு மூளையும் கணக்கு வைக்கிறது போலும்.

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்களுக்கு இதே மாற்றம் உதவுகிறது. நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையையே வேலை செய்ய வைப்பது எட்வர்டு டாப் என்ற அமெரிக்கர் வகுத்த முறை. நோய் கண்டு 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2006-ல் வந்தது. 2 வாரம் இப்படிப் பழகியவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆனால் மணிக்கட்டும் விரலும் ஓரளவாவது அசைகிறவர்களுக்கே இது ஏற்றது. வீட்டில் தாமாகவே கையைக் கட்டிப்போடாமல், டாக்டரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.