குளிர்கால டயர்

குளிர்கால டயர் என்பது வெண்பனியும் பனிக்கட்டியும் படிந்த சாலைகளில் ஓடுவதற்கென்றே செய்யப்படும் ஊர்தி டயர் ஆகும். கனடா, பின்லாந்து, சுவீடன், வட சப்பான் போன்ற இடங்களில் கார் வைத்திருப்பவர்கள் குளிர் தொடங்கும்போது இதை மாட்டி, வேனில் வந்ததும் கழற்றிவிடுகிறார்கள். இதற்கு மாறாக, ஆண்டு முழுவதும் மாற்றாமல் ஓட்டலாம் என்று விற்கப்படுவது அனைத்துப் பருவ டயர். வட அமெரிக்காவில் புதிய கார்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையோடுதான் விற்பனைக்கு வருகின்றன. எனவே டொராண்டோவிலோ மொன்றியலிலோ குடியேறி முதல் கார் வாங்கும் தமிழர் எவருக்கும் சில மாதங்களில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: பெயரிலேயே எல்லாப் பருவமும் அடங்கியிருக்க, இன்னொரு தொகுதி டயருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

சுருக்கமான விடை, அந்தப் பெயர் ஒரு விற்பனைப் பெயர் என்பதே. அந்த டயர் மிதமான வெயில், மழை, எப்போதாவது பெய்யும் இலேசான பனி ஆகியவற்றுக்கு இடையே செய்துகொள்ளப்பட்ட ஒரு சமரசம்.

இரு வகைகளின் தோற்றம்

பின்லாந்தின் சுவோமென் கும்மிதெகதாசு நிறுவனம் (இன்றைய நோக்கியன் டயர்சின் முன்னோடி) 1934இல் சரக்குந்துகளுக்கான குளிர்கால டயரை வெளியிட்டது. 1936இல் கார்களுக்கான அக்கபெலீத்தா வந்தது. அப்பெயர் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அனைத்துப் பருவ டயர் இதற்கு நாற்பது ஆண்டுகள் இளையது. குட்இயர் நிறுவனம் 1977இல் டியெம்போ என்ற டயரை அவ்வாறு சொல்லி விற்கத் தொடங்கியது. ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் தொல்லை தீர்ந்தது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போனதன் விளைவைத்தான் பிற்காலச் சட்டங்கள் சரிசெய்ய முயன்றன.

ரப்பர் இறுகுவது

இரண்டு டயர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது வரிப்பள்ளங்களின் வேறுபாடுதான். ஆனால் முதன்மையான வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அது ரப்பரின் கலவையில் இருக்கிறது.

டயர் சாலையைப் பற்றுவதற்கு, ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெகிழ்ந்து இறங்க வேண்டும். ரப்பர் ஒரு பல்லுறுப்பி. குளிரக் குளிர அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அசையும் வேகம் குறைகிறது. மிகக் குறைந்த வெப்பநிலையில் அது கண்ணாடிபோல் கெட்டிப்படும். அந்த நிலையை எட்டுவதற்கு வெகு முன்பே நெகிழ்வு குறையத் தொடங்கிவிடும். கோடை டயர்களுக்கு இந்த இறுக்கம் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே உணரப்படுகிறது என்பது தொழில்துறையின் பொது விதி. 8 பாகையில் நன்றாக இருந்த டயர் 6 பாகையில் கெட்டுவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. படிப்படியாக நிகழும் மாற்றத்துக்கு நினைவில் வைக்க எளிதான ஓர் எண், அவ்வளவே. அனைத்துப் பருவ டயர் கோடை டயரைவிடச் சற்றுத் தாங்கும். ஆனால் சனவரியில் கழித்தல் 15 பாகை சாதாரணமாக வரும் ஊர்களில் அதுவும் விறைத்துப்போகிறது.

குளிர்கால டயரின் கலவையில் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும் ரப்பர் வகைகளும் நுண்ணிய சிலிக்காத் துகள்களும் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. இயற்கை ரப்பரும் அவ்வகைகளுள் ஒன்று. வெப்ப மண்டலத்தில் மட்டுமே வளரும் ஒரு மரத்தின் பால், உறைபனி நாட்டுச் சாலையில் இளகி நிற்பதற்காகத் தேடப்படுவது வியப்புக்குரியது.

பள்ளங்களும் கீற்றுகளும்

சாலையைத் தொடும் பரப்பில், பேச்சு வழக்கில் பட்டன் எனப்படும் கட்டிகளின் மேல், கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய பிளவுகள் குளிர்கால டயரில் இருக்கும். 1920களில் இதற்குக் காப்புரிமை பெற்ற சான் சைப் என்பவரின் பெயரால் இவை ஆங்கிலத்தில் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கீற்றின் விளிம்பும் தரையைச் சுரண்டிப் பிடிக்கும் ஒரு சிறு பல்லாக வேலை செய்கிறது.

அகன்ற பள்ளங்களின் வேலை வேறு. வெண்பனியில் உருளும்போது அவை பனியை உள்ளே வாங்கி அழுத்திக்கொள்கின்றன. பனி பனியோடு நன்றாக ஒட்டும். கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டையாவது அதனால்தான். பள்ளத்தில் இறுகிய பனி சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்ள, வண்டி முன்னேறுகிறது. மழைச் சாலையில் பள்ளம் நீரை வெளியேற்ற வேண்டும். பனிச் சாலையில் அதே பள்ளம் பனியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

பனிக்கட்டி என்னும் தனிச் சிக்கல்

தமிழில் மார்கழி அதிகாலையில் விழுவதும் பனிதான், ஆறு மாதம் கனடாவை மூடுவதும் பனிதான். ஓட்டுநருக்கு இந்தப் பொதுச்சொல் போதாது. வெண்பனியில் டயர் கடிப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. வழவழப்பான பனிக்கட்டியில் எதுவும் இல்லை. சாலையின் கருமை தெரியும்படி ஒளி ஊடுருவும் மெல்லிய பனிக்கட்டிப் படலம் இன்னும் கொடியது. அது வெறும் ஈரம்போலவே தோன்றும். பாலங்களின் மேல் இது முதலில் உருவாகும், ஏனெனில் பாலத்தின் கீழேயும் குளிர்காற்று வீசுகிறது.

பனிக்கட்டி மிகவும் வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, 0 பாகையை ஒட்டித்தான். அப்போது அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அந்த நீரை அகற்றினால்தான் ரப்பர் பனிக்கட்டியைத் தொட முடியும். சப்பானில் முன்பு இதற்கு உலோக ஆணிகள் பதித்த டயர்களைப் பயன்படுத்தினார்கள். ஆணிகள் சாலையைச் சுரண்டி, பனி உருகிய நாட்களில் நகரங்களில் தூசியைக் கிளப்பின. 1990இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஆணி இல்லாமலே பனிக்கட்டியைப் பற்றும் டயர்கள் அங்கு வேகமாக வளர்ந்ததற்கு இந்தத் தூசிப் பிரச்சினையும் ஒரு காரணம். பிரிட்சுடோன் 1988இல் வெளியிட்ட பிளிசாக் அவற்றுள் புகழ்பெற்றது. அதன் ரப்பரில் உள்ள நுண்துளைகள் நீர்ப்படலத்தை உள்வாங்கிக்கொள்கின்றன. கனடாவில் ஒன்ராறியோவின் வடபகுதியில் வசிப்போருக்கு ஆணி டயர் அனுமதிக்கப்படுகிறது, தென்பகுதியினருக்கு இல்லை.

நிற்கும் தொலைவு

பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவை உயர்நிலைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். வேகத்தின் இருமடியை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், 2 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், குணகம் 0.8 உள்ள உலர்ந்த சாலையில் விடை ஏறத்தாழ 12 மீட்டர். குணகம் 0.1 ஆகிவிடும் பனிக்கட்டியில் 98 மீட்டர்.

வெண்பனிச் சாலையில் ஒரு காருக்கு 0.3, இன்னொன்றுக்கு 0.2 என்று எடுத்துக்கொள்வோம். முதல் கார் 33 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 49 மீட்டர் எடுக்கும். வேறுபாடு 16 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடம் பள்ளிக்கூட வாசலின் நடைபாதைக் கடப்பாக இருந்தால், ஒரு குழந்தை தப்புவதும் அடிபடுவதும் அந்த 16 மீட்டரில் அடங்கியிருக்கிறது.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்குக் குளிர்கால டயர் வேண்டாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறு. நான்கு சக்கர இயக்கம் வண்டியைப் புறப்பட வைக்க உதவும். பிரேக்கோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது; ஆகவே நிற்கும்போது அந்த வண்டிக்கு எந்த மேன்மையும் இல்லை. எளிதாகப் புறப்பட முடிவதால் ஓட்டுநருக்கு சாலை நன்றாக இருப்பதுபோல் தோன்றுவது இன்னும் ஆபத்து. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் திசைமாற்றும் திறனைக் காக்கும். இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது.

குறியீடுகளும் சட்டங்களும்

டயரின் பக்கச் சுவரில் எம்+எஸ் என்ற எழுத்துகள் இருந்தால் அது சேறுக்கும் பனிக்கும் உரியது என்று பொருள். இது பள்ளங்களின் வடிவத்தைக் கொண்டு தரப்படும் குறி. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று அல்ல. மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரையப்பட்ட சின்னம் 1999இல் வந்தது. இதைப் பெற, டயர் வெண்பனியில் சோதிக்கப்பட்டு குறித்த அளவைத் தாண்ட வேண்டும். அதுவும் வெண்பனிச் சோதனைதான், பனிக்கட்டிச் சோதனை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரையில் பனிக்கட்டிக்கெனத் தனிச் சின்னம் 2021 முதல் உள்ளது.

கியூபெக் மாகாணம் 2008இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. இப்போது திசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது பொருந்தும். மலைச் சின்னம் இருந்தாக வேண்டும். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் கார்க் காப்புறுதி நிறுவனங்கள் குளிர்கால டயர் பொருத்துவோருக்குக் கட்டணக் கழிவு தர வேண்டும். பலர் இதைக் கேட்டுப் பெறாமலே விடுகிறார்கள். செருமனியில் 2024 அக்டோபரிலிருந்து எம்+எஸ் மட்டும் உள்ள டயர் குளிர்கால டயராக ஏற்கப்படுவதில்லை.

தேர்வும் பராமரிப்பும்

பனி அரிதாக விழும் வான்கூவர் போன்ற கடலோர நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு, மலைச் சின்னம் பெற்ற 'எல்லா வானிலை' டயர் போதுமானதாக இருக்கலாம். பெயர் ஒத்திருந்தாலும் இது அனைத்துப் பருவ டயரிலிருந்து வேறானது. கடுங்குளிர் நீடிக்கும் உள்நாட்டு ஊர்களில் தனிக் குளிர்கால டயரே பாதுகாப்பானது. செலவைப் பற்றிய அச்சமும் ஓரளவு மிகையானது: ஒரு தொகுதி ஓடும்போது மற்றது தேய்வதில்லை, ஆகவே இரண்டும் கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். கோடையில் மட்டும் குளிர்கால டயரை விட்டுவைக்கக் கூடாது. இளகிய ரப்பர் சூடான சாலையில் விரைவாகத் தேயும். நிற்கும் தொலைவும் கூடும்.

செலவைக் குறைக்க இரண்டு டயர் மட்டும் மாற்றுவது மோசமான சிக்கனம். முன்சக்கரங்கள் பற்ற, பின்சக்கரங்கள் வழுக்கினால் வளைவில் வண்டி சுழன்றுவிடும். நான்கையும் மாற்ற வேண்டும். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனியைப் பிடிக்கும் திறன் வெகுவாகக் குறைகிறது. ஆசுத்திரியச் சட்டம் குளிர்கால டயருக்கு இந்த அளவையே எல்லையாக வைத்துள்ளது. பழைய டயர் வாங்குவோர் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்கலாம்: 3822 என்றால் 2022ஆம் ஆண்டின் 38ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. குளிரில் காற்று சுருங்கும். வெப்பநிலை ஐந்தாறு பாகை குறையும்போதெல்லாம் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். எனவே அக்டோபரில் நிரப்பிய காற்று சனவரிக்குப் போதாது. மாதம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து நிரப்ப வேண்டும்.