கந்தையில் தைத்த வாழ்த்து

பழைய புடவைகளை நாம் என்ன செய்கிறோம்? பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு கிண்ணம் வாங்குகிறோம். இல்லையென்றால் அடுப்படியில் கரித்துணி ஆக்குகிறோம். தரை துடைக்க எடுத்துக்கொள்கிறோம்.

வங்காளத்துப் பெண்கள் இன்னொரு வேலையும் செய்வார்கள். நாலைந்து பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஊசியும் நூலும் கொண்டு நெருக்கமாகத் தைப்பார்கள். மெத்தென்று ஒரு விரிப்பு கிடைக்கும். அதற்குக் காந்தா என்று பெயர்.

இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கந்தையும் இந்தக் காந்தாவும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக வாழ்கின்றன. வாழையிலை, மல்லிகைப்பூ, காப்பித்தூள் எல்லாம் அங்கே கிடைக்கும். அங்கே நமக்கு அக்கம்பக்கம் வங்காளிக் குடும்பங்கள்தான். குளிர்காலம் வந்தால் மாடிகளைப் பாருங்கள். பெட்டியில் இருந்த விரிப்புகள் வெயிலில் காயும். அவற்றில் பழைய காந்தா இருந்தால், 'இது யார் தைத்தது?' என்று அந்த வீட்டு மாசிமாவைக் கேளுங்கள். 'என் அம்மா', 'என் பாட்டி', 'என் மாமியார்' என்று பதில் வரும். தைத்தவர் இறந்துபோயிருக்கலாம். அவர் தைத்த விரிப்பு இன்னும் பேரப்பிள்ளைகளுக்குக் குளிர் தாங்குகிறது.

யாருக்காகத் தைப்பார்கள்?

குழந்தை பிறக்கப் போகும் வீட்டில் பாட்டிமார் சின்னக் காந்தா தைப்பார்கள். கல்யாணம் ஆகிப் போகும் மகளுக்குத் தைப்பார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் கனமான காந்தாவுக்கு லேப் என்று பெயர். விருந்தாளி உட்கார விரிப்பது சுஜ்னி. பூசைக்கு உட்காரப் போடுவது ஆசன். கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைப்பது ஆர்ஷிலதா. புத்தகங்களைச் சுற்றி வைக்கவும் ஒரு காந்தா உண்டு.

அந்தக் காலத்தில் நூல்கூட விலைக்கு வாங்கமாட்டார்கள். பழைய புடவையின் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு நூலை உருவிக்கொள்வார்கள். அதைக் கொண்டு நடுவில் ஒரு தாமரை தைப்பார்கள். நாலு மூலையிலும் நாலு மரம் தைப்பார்கள். மீன், யானை, தேர், நெற்கதிர் என்று மனத்தில் தோன்றியதை எல்லாம் தைப்பார்கள்.

வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில்தான் தைக்க முடியும். மதியம் சாப்பாடு முடிந்த பிறகு கொஞ்சம். மழை நாளில் கொஞ்சம். ஒரு பெரிய காந்தா முடிய மாதக்கணக்கில் ஆகும். சிலவற்றுக்கு வருடக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் தைப்பவர் மனத்தில் ஒருவரே இருப்பார். 'என் பிள்ளை நன்றாக இருக்கட்டும்' என்று நினைத்தபடியே ஊசி போகும். இந்துப் பெண்களும் தைத்தார்கள். முஸ்லிம் பெண்களும் தைத்தார்கள். அவரவர் தங்கள் வழியில் வேண்டிக்கொண்டார்கள்.

கந்தையில் படுத்த குழந்தைக்குக் கண் படாது என்பது பழைய நம்பிக்கை. நம் ஊரிலும் பல வீடுகளில் பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். பழைய வேட்டியைக் கிழித்துப் போடுவார்கள். அம்மாவின் பழைய புடவையில் தூளி கட்டுவார்கள். துவைத்துத் துவைத்து நைந்த துணி குழந்தையின் உடம்பை உறுத்தாது. அது உண்மை. ஆனால் துணி நோயைத் தடுக்காது. தடுப்பூசியை உரிய நாளில் போட்டுவிட வேண்டும்.

பெயர் தைத்த பெண்

குருசதய் தத் என்று ஓர் அதிகாரி வங்காளத்தில் இருந்தார். 1882-இல் பிறந்தவர். வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போனார். போன இடங்களில் கிராமத்து மக்களின் கைவேலைகளைச் சேர்த்து வைத்தார். காந்தாக்களையும் சேர்த்தார். 1941-இல் அவர் இறந்தார். பிறகு அவர் சேர்த்தவை கொல்கத்தா அருகே ஜோகாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன.

அவற்றில் ஒரு காந்தா மிகவும் பேர் பெற்றது. 1800-களில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. அதில் படங்களோடு எழுத்தும் இருக்கிறது. தன் பெயரைத் தைத்திருக்கிறார். தன் கையாலேயே தந்தைக்காகச் செய்தது என்றும் தைத்திருக்கிறார்.

அவர் காலத்தில் பெண்கள் படிப்பது மிக அரிது. அந்த நாளில் காந்தா தைத்த மற்றப் பெண்கள் எத்தனை பேர்! பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் கைவேலை இருக்கிறது. பெயர் இல்லை. மானதாசுந்தரி எழுதத் தெரிந்தவர். அதனால் இத்தனை வருடம் கழித்து நாம் அவர் பெயரைச் சொல்கிறோம்.

நாமும் ஒன்று தைக்கலாம்

குழந்தைக்கு ஒரு சின்ன காந்தா தைக்க மூன்று பழைய நூல் புடவைகள் போதும். நைலான் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சாது, வேர்க்கும்.

1. புடவைகளைச் சோப்புப் போட்டுத் துவையுங்கள். கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காய வையுங்கள்.

2. கிழியாத பகுதியைப் பாருங்கள். மூன்று அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் மூன்று துண்டுகள் வெட்டுங்கள்.

3. தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரியுங்கள். கையால் நீவிச் சுருக்கம் எடுங்கள். நாலு மூலையிலும் கனமான சொம்பு வையுங்கள்.

4. முதலில் பெரிய பெரிய தையலாகப் போடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். இது துணி நகராமல் இருப்பதற்கு. பிறகு பிரித்துவிடலாம்.

5. ஓரங்களை உள்ளே மடித்துத் தையுங்கள்.

6. இனி ஓட்டுத் தையல். ஊசி மேலும் கீழும் போகும் சாதாரணத் தையல்தான். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் அரை விரல் இடைவெளி விடுங்கள். முடிச்சுகளைத் துணிக்குள் மறைத்துவிடுங்கள்.

7. முடித்தவுடன் கையால் முழுவதும் தடவிப் பாருங்கள். ஊசிகளை எண்ணி டப்பாவில் வையுங்கள். ஓர் ஊசி குறைந்தாலும் தேடி எடுக்காமல் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது. குழந்தையின் முகம் மூடும்படி போர்த்தவும் கூடாது.

மிஞ்சிய துண்டுகளையும் எறிய வேண்டாம். ஒரு விரல் அகல நாடாவாகக் கிழியுங்கள். மூன்று நாடாக்களைச் சடை போலப் பின்னுங்கள். வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி ஆகும். குரோஷா பின்னத் தெரிந்தவர்கள் தடித்த குரோஷா ஊசியால் நாடாவையே பின்னலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிக் கந்தையில் விரிப்புச் செய்வது பழைய வழக்கம்.

விற்பதற்குத் தைத்தால்

வீட்டு அன்புக்குத் தைத்த காந்தா இன்று தொழிலாகவும் ஆகிவிட்டது. புதுப் புடவைகளிலும் காந்தாத் தையல் போடுகிறார்கள். மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமி ஊசியைக் கொண்டே குடும்பத்தைத் தாங்கினார். பல பெண்களுக்குக் காந்தா கற்றுக் கொடுத்தார். 2023-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

ஆனால் கடையில் புடவை விலை அதிகம். தைக்கும் பெண்ணுக்கு வரும் கூலி பெரும்பாலும் குறைவு. நீங்கள் கூலிக்குத் தைத்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். என்று தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தைத்தீர்கள் என்று எழுதுங்கள். கூலி எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் பெயர்

அன்பளிப்பாகத் தைத்தால் கூலிக் கணக்கு இல்லை. அதிலும் ஓர் எழுத்து வேலை இருக்கிறது. காந்தாவின் ஒரு மூலையில் பென்சிலால் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். யாருக்காகத் தைத்தீர்களோ அவர் பெயரையும் எழுதுங்கள். வருடத்தையும் போடுங்கள். அந்தக் கோட்டின்மேல் பின்தையல் போடுங்கள். தமிழ் எழுத்தில் வளைவு அதிகம். வளைவு வரும் இடத்தில் தையலைச் சின்னதாகப் போட்டால் எழுத்து அழகாக வரும்.

அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும். எழுத்துக் கூட்டப் பழகும். ஒரு நாள் தன் பழைய விரிப்பை எடுத்து, உங்கள் பெயரைத் தானே படிக்கும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் பெரியவர்கள் கையால் செய்த பொருள் எது இருக்கிறது? செய்தவர் பெயர் தெரியுமா?

2. பழைய துணியை உங்கள் ஊரில் எப்படி எல்லாம் பயன்படுத்துவார்கள்?

3. நீங்கள் யாருக்கு ஒரு காந்தா தைக்க விரும்புகிறீர்கள்? அவர் பெயரை எழுதுங்கள்.