பனைமர உயரத்தில் போர் விமானம் – இன்னு பெண்கள் நடத்திய போராட்டம்



வானத்தில் விமானம் போனால் நம் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து கை காட்டுவார்கள். கனடா நாட்டின் லாப்ரடார் பகுதியில் 1980-களில் விமானச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் அலறினார்கள் என்று அங்குள்ள தாய்மார்கள் சொன்னார்கள். ஏன் என்று இந்த இதழில் பார்ப்போம்.

போர் விமானம் எதற்காகத் தாழப் பறக்கணும்? எதிரியின் ராடார் நேர்கோட்டில்தான் பார்க்கும். மலையோ மேடோ குறுக்கே வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. அதனால் தரையை ஒட்டிப் பதுங்கிப் போவதற்கு விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உயரம் சில சமயம் 30 மீட்டர்தான். நெட்டையாக வளர்ந்த பனைமரத்தின் உயரம். வேகமோ மணிக்கு 800 கிலோமீட்டர், அதாவது ஒரு நொடிக்கு 200 மீட்டருக்கும் மேல்! உயரத்தில் போகும் விமானத்தின் சத்தம் மெல்லக் கூடி மெல்லக் குறையும். தாழப் பறந்தால் அப்படி இல்லீங்க. முன்னறிவிப்பே இல்லாமல் தலைமேல் இடி விழுந்த மாதிரி இருக்கும்.

ஜனநெருக்கம் மிகுந்த ஐரோப்பாவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. அதனால் பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து விமானங்கள் லாப்ரடாரில் உள்ள கூஸ் பே தளத்துக்கு வந்தன. அது "ஆளில்லாத காடு" என்றார்கள். யாருக்கு ஆளில்லாத காடு? இன்னு என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கரிபு மான் வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். 1950, 60-களில் அவர்களைக் கிராமங்களில் குடியமர்த்தினார்கள். அப்புறமும் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அந்தக் கூடாரங்களுக்கு மேலேதான் விமானங்கள் பறந்தன.

போதாததற்கு, நேட்டோ கூட்டணி அங்கே இன்னும் பெரிய பயிற்சி மையம் அமைக்கவும் யோசித்தது. 1988-ல் இன்னு மக்கள் வேலியைத் தாண்டி ஓடுபாதைக்குள் போனார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள். குழந்தைகளோடும் வயசான பெரியவர்களோடும் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் பிடித்துப்போனது, விட்டதும் திரும்பவும் போனார்கள். சிறைக்கும் போனார்கள். அவர்களில் ஒருவர்தான் எலிசபெத் பெனாஷு. இன்னு மொழியில் அவர் பெயர் சௌகுவேஷ். பல பிள்ளைகளுக்குத் தாய்.

அத்துமீறி நுழைந்ததாக வழக்கு வந்தது. 1989 ஏப்ரலில் நீதிபதி ஜேம்ஸ் இக்லோலியோர்ட்டி நால்வரை விடுதலை செய்தார். அவர் இன்யூட் என்ற இன்னொரு பழங்குடியைச் சேர்ந்தவர். இன்னு மக்கள் எந்த ஒப்பந்தத்திலும் நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லை, அது தங்கள் நிலம் என்று மனசார நம்பித்தான் நுழைந்தார்கள் என்பது தீர்ப்பின் சாரம். புறம்போக்கு, பட்டா என்று அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பெரிய மையத் திட்டத்தை நேட்டோ 1990-ல் கைவிட்டது. பயிற்சிப் பறப்போ நிற்கவில்லை. 1996-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தும் கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், பறப்பு கடைசியில் குறைந்ததற்குப் போர்முறை மாறியதும் ஒரு காரணம். 1991 வளைகுடாப் போரில் தாழப் பறந்த பிரிட்டன் விமானங்கள் சில விழுந்தன. பிறகு உயரத்திலிருந்தே குறிவைக்கும் முறைக்கு விமானப்படைகள் மாறின. 2005 வாக்கில் பிரிட்டனும் ஜெர்மனியும் கூஸ் பேயில் பயிற்சியை முடித்துக்கொண்டன.

சௌகுவேஷ் சும்மா இருக்கவில்லை. பனியில் நடக்கும் காலணி மாட்டி, சாமான்களைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு, வசந்தத்தில் இளையவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனார். போராட்டக் காலத்தில் தன் தாய்மொழியில் நாட்குறிப்பும் எழுதி வந்தார். அது 2019-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது.