எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?



சினிமாவுக்காக வரிசையில் நிற்பது எப்படி என்று மதுரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது சினிமாவையே வரிசைப்படி பார்க்க வேண்டிய காலம். 2008-ல் 'அயர்ன் மேன்' படத்தில் தொடங்கிய மார்வெல்காரர்கள் முப்பதுக்கும் மேலே எடுத்துத் தள்ளிவிட்டார்கள். நம்ம லோகேஷ் கனகராஜ் இதுவரை மூன்றோடு விட்டிருக்கிறார்: 'கைதி' (2019), 'விக்ரம்' (2022), 'லியோ' (2023). ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பிழைத்தோம்!

நான் முதலில் பார்த்தது 'விக்ரம்'. கடைசியில் சூர்யா ரோலக்ஸாக வந்ததும் தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன், எதற்கென்று தெரியாமலே. அவர் முன்னால் நின்று பேசும் அன்பு யார், அடைக்கலம் யார், அந்த டில்லி யார்? பக்கத்து சீட் அண்ணனைக் கேட்டால், "கைதி பார்க்காம ஏன்டா வந்த?" என்கிறார். முதல் செமஸ்டர் அரியரோடு மூன்றாம் செமஸ்டர் எழுதியவன் கதைதான். சரியென்று பிறகு 'கைதி' பார்த்தேன். யார் யார் பிழைப்பார்கள் என்று முன்பே தெரிந்துவிட்டதால் பாதி பயம் போச்சு. அதை இனி எந்த தியேட்டரில் போய் வாங்குவது?

ஆகவே முதலில் 'கைதி'. 'விக்ரம்' வெளியாகும் முன் லோகேஷே அதை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நரேன் நடித்த பிஜாய் அங்கிருந்துதான் 'விக்ர'முக்கு வருகிறார். கமிஷனர் ஆபீஸைக் காத்த நெப்போலியன் 'லியோ'வில் இமாச்சலத்தில் நிற்கிறார். 'லியோ' முடிவில் வரும் போன் காலும் 'விக்ரம்' பார்த்தவனுக்குத்தான் இனிக்கும். வெளிவந்த வரிசையே சரியான வரிசை.

சிலர், "1986-ல் வந்த பழைய 'விக்ர'மிலிருந்து ஆரம்பி" என்பார்கள். சுஜாதா கதை, ராஜசேகர் டைரக்ஷன், நல்ல படம்தான். ஆனால் கமல் யார் என்பதுதான் புதுப்படத்தில் இடைவேளை வரை உள்ள முடிச்சு. பழசை முதலில் பார்த்தால் அந்த முடிச்சை நாமே அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. அதைக் கடைசியில் வையுங்கள். 'மாஸ்டர்' (2021), 'கூலி' (2025) இரண்டும் இந்தக் கணக்கில் சேராது.

என் அப்பா லாரி டிரைவர். அவரிடம் மட்டும் என் வரிசை எடுபடவில்லை. 'கைதி'யைக் கண் கொட்டாமல் பார்த்தார். ராத்திரி பூரா லாரி, விடிந்தால் மகள் முகம். அவருக்கு அது போதும். "அடுத்து விக்ரம் போடவாப்பா?" என்றேன்.

"அந்த டில்லி வர்றானா?"

"ஆளா வரமாட்டாம்ப்பா, பேச்சுலதான் வருவான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.